அப்பா வேண்டாம் என்ற வயலின்



வாழ்க்கை வரலாறு பகுதிக்கு இந்த முறை நான் எழுத வேண்டும் என்றார்கள். இந்தச் சுவரில் விடுதலை வீரர்கள் வந்துவிட்டார்கள், விஞ்ஞானிகள் வந்துவிட்டார்கள். ஆட்டம் போட வைக்கிறதுக்காகவே பாட்டு எழுதிய ஒரு ஆளை இதுவரை யாரும் எழுதவில்லை. அதனால் நான் யோஹான் ஸ்ட்ராஸை எடுத்துக்கொண்டேன். ஆஸ்திரியா நாட்டுத் தலைநகரம் வியன்னாதான் அவர் ஊர். உலகம் அவரை வால்ட்ஸ் ராஜா என்று கூப்பிடுகிறது.

முதலிலேயே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். யோஹான் ஸ்ட்ராஸ் என்று இரண்டு பேர் உண்டு. அப்பா பேரும் அதுதான், மகன் பேரும் அதுதான். இரண்டு பேரும் இசையமைப்பாளர்கள், இரண்டு பேரும் வியன்னாவில் ஆர்கெஸ்ட்ரா நடத்தியவர்கள். ரெண்டு பேருக்கும் ஒத்தே போகாது! அப்பாவைப் பெரிய ஸ்ட்ராஸ் என்றும் மகனைச் சின்ன ஸ்ட்ராஸ் என்றும் எழுதுகிறேன். குழம்பாமல் படிக்கலாம்.

வால்ட்ஸ் என்றால் என்ன? ஆணும் பெண்ணும் ஜோடியாகப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஆடும் நடனம். அதற்கான இசைக்கும் அதே பேர்தான். தாளம் மூன்று எண்ணிக்கை. நம்ம ஊர்க் கணக்கில் தகிட தகிட என்று சொல்லிப் பார்த்தால் கிட்டத்தட்ட பிடிபடும். முதல் தட்டு அழுத்தமாக விழும், அடுத்த இரண்டும் லேசாக வரும். வியன்னாக்காரர்கள் இதிலே ஒரு குறும்பு செய்வார்கள். இரண்டாவது தட்டை ஒரு இம்மி முன்னாலேயே போட்டுவிடுவார்கள். அது காகிதத்தில் எழுதியிருக்காது, வாசிக்கிறவர் கையில்தான் இருக்கும். அந்த இம்மியில்தான் உடம்பு தானாகச் சுழலுமாம்.

அந்தக் காலத்தில் இது நல்ல பேர் வாங்கிய நடனம் இல்லை. அதற்கு முன்னால் அரண்மனை நடனங்களில் விரல் நுனியைத் தொட்டால் அதிகம். இதிலோ இடுப்பைப் பிடித்து ஆட வேண்டும். 1816-ல் லண்டன் அரண்மனை விருந்தில் வால்ட்ஸ் ஆடியதற்கு டைம்ஸ் பத்திரிகையே கண்டித்து எழுதியது. பெரியவங்க திட்டினால் பிள்ளைங்க விடுவாங்களா? இருபது வருஷத்துக்குள் ஐரோப்பா முழுக்க அதுதான் நடனம் என்று ஆகிவிட்டது.

அப்படி ஆக்கியதில் பெரிய பங்கு பெரிய ஸ்ட்ராஸுக்கும் அவருடைய நண்பர் யோசப் லான்னருக்கும் உண்டு.

பெரிய ஸ்ட்ராஸ் 1804-ல் பிறந்தார். வீடு டான்யூப் ஆற்றுப் பக்கம், லியோபோல்ட்ஸ்டாட் என்ற பகுதியில். அவருடைய அப்பா ஒரு சின்ன சத்திரம் நடத்தினார். ஏழு வயதில் அம்மா போய்விட்டார். பன்னிரண்டு வயதில் அப்பாவை டான்யூப் ஆற்றில் பிணமாக எடுத்தார்கள். அநாதைப் பையனைப் புத்தகம் பைண்டிங் செய்யும் ஒருவரிடம் வேலை பழக அனுப்பினார்கள். பையன் பைண்டிங்கும் பழகினான், வயலினும் பழகினான். கடைசியில் வயலின்தான் ஜெயித்தது. லான்னரின் சின்னக் குழுவில் சேர்ந்து வாசித்தார். பிறகு 1825-ல் பிரிந்து தனிக்குழு ஆரம்பித்தார். லான்னர் இனிமை, ஸ்ட்ராஸ் வேகம் என்று வியன்னாவே இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றது.

அதே 1825-ல்தான் அவருக்கும் அன்னா ஸ்ட்ரைம் என்பவருக்கும் கல்யாணம். அக்டோபர் 25-ந் தேதி முதல் பிள்ளை பிறந்தது. அவர்தான் நம்ம சின்ன ஸ்ட்ராஸ். அவருக்குப் பின் யோசப், அன்னா, தெரேசா, எடுவர்ட் என்று தம்பி தங்கைகள்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி.

வீட்டிலேயே அப்பாவின் ஆர்கெஸ்ட்ரா ஒத்திகை பார்க்கும். பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தார்கள். பியானோ வாசிக்க அப்பா தடை சொல்லவில்லை, அது நல்ல குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு அழகு என்று நினைத்தார். ஆனால் இசையைத் தொழிலாக எடுக்கக் கூடாது, வயலின் கூடவே கூடாது. மூத்தவன் வங்கி வேலைக்குப் போக வேண்டும். இதுதான் அப்பா போட்ட கோடு.

யோசித்துப் பார்த்தால் அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. ராத்திரி முழுக்க வாசித்து, வண்டியில் ஊர் ஊராகப் போய், 1838-ல் இங்கிலாந்தில் விக்டோரியா ராணி முடிசூட்டு விழா வரைக்கும் வாசித்து, உடம்பைக் கெடுத்துக்கொண்டவர் அவர். நம்ம பட்ட பாடு பையன் படக்கூடாது என்று எந்த அப்பாவும் நினைக்கலாம். ஆனால் வியன்னாவில் ஸ்ட்ராஸ் என்று ஒரு பேர்தான் இருக்கணும் என்ற பயமும் அவருக்கு இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சின்னவர் விட்டாரா? அப்பாவின் ஆர்கெஸ்ட்ராவிலேயே முதல் வயலின் வாசித்த ஃபிரான்ஸ் அமோன் என்பவரிடம் ரகசியமாகப் பாடம் கேட்டார். இதற்கு உதவி அம்மா! பாடத்துக்கு ஆகும் காசைச் சம்பாதிக்க அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுத்தார் என்றும் சொல்வார்கள். ஒரு நாள் வயலினும் கையுமாக அப்பாவிடம் மாட்டிக்கொண்டார். நல்ல அடி விழுந்தது.

பையனைப் பெரிய பள்ளிக்கூடத்தில் போட்டு, பிறகு பாலிடெக்னிக்கில் கணக்கு வழக்குப் படிக்க அனுப்பினார்கள். மனசு ஒட்டவில்லை. அதற்குள் வீடும் இரண்டாகிவிட்டது. பெரிய ஸ்ட்ராஸுக்கு எமிலி டிராம்புஷ் என்ற பெண்ணோடு இன்னொரு குடும்பம் இருந்தது, அங்கேயும் பிள்ளைகள் பிறந்தார்கள். அவர் அந்த வீட்டுக்கே போய்விட்டார். 1844-ல் அம்மா சட்டப்படி பிரிவதற்கு மனுக் கொடுத்தார். இனி மறைத்துப் பழக வேண்டியதில்லை. சின்னவர் யோசப் டிரெக்ஸ்லர் என்ற தேவாலய இசை ஆசிரியரிடம் முறையாக இசை இலக்கணம் படித்தார்.

அதே வருஷம் நகர நிர்வாகத்திடம் விண்ணப்பம் போட்டு, பொது இடத்தில் வாசிக்க உரிமம் வாங்கினார். பெல்கிராட் நகரம் என்று பேர் கொண்ட ஒரு மதுக்கடையில் வேலை தேடும் இசைக்கலைஞர்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். அங்கே போய் ஆள் பிடித்தார். குழு தயார். ஆனால் மண்டபம்? பெரிய ஸ்ட்ராஸைப் பகைத்துக்கொள்ள ஒரு முதலாளிக்கும் தைரியம் இல்லை. கடைசியில் ஹீட்சிங் என்ற இடத்தில் இருந்த டொம்மையர் கேசினோ கதவைத் திறந்தது. அது உணவு விடுதியும் நடன மண்டபமும் சேர்ந்த இடம்.

1844 அக்டோபர் 15. சின்னவருக்கு 19 வயது ஆக இன்னும் பத்து நாள் இருந்தது. அந்தச் சாயங்காலம் ஊரே டொம்மையர் பக்கம் திரும்பியது. பாதிப் பேர் கேட்க வந்தார்கள், மீதிப் பேர் பையன் கவிழ்வானா என்று பார்க்க வந்தார்கள். நம்ம ஊரில் மட்டுமா அப்படி! அவர் எழுதிய ஒரு வால்ட்ஸை மறுபடி மறுபடி கேட்டு 19 தடவை வாசிக்க வைத்தார்கள் என்று பதிவு இருக்கிறது. எல்லாம் முடிந்த பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். தன் சொந்தப் பாட்டை வைத்து முடிக்கவில்லை. அப்பா எழுதிய லோரலை வால்ட்ஸை எடுத்து வாசித்தார். கூட்டம் உருகிவிட்டது.

நான் இதைப் படித்தபோது ரொம்ப நேரம் யோசித்தேன். அது மரியாதையா, சவாலா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அப்பா உருகவில்லை. டொம்மையரில் இனிமேல் வாசிப்பதே இல்லை என்று சபதம் போட்டார்.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம் அப்பாவும் மகனும் ஒரே ஊரில் எதிரெதிராக நின்றார்கள். நல்ல மண்டபங்களும் அரண்மனையும் அப்பா கையில். மகனுக்கு மாணவர்கள், சிறுபான்மை மக்கள் நடத்திய விழாக்கள், வெளியூர்ப் பயணங்கள். 1848-ல் வியன்னாவில் புரட்சி வெடித்தது. மகன் புரட்சி மார்ச் எழுதினார். பிரான்சு நாட்டுப் புரட்சிப் பாடலான மார்செயேஸை மேடையில் வாசித்ததற்குப் போலீஸ் கூப்பிட்டு விசாரித்தது. அப்பாவோ அரசாங்கத்தின் பக்கம். இத்தாலியில் கலகத்தை அடக்கி ஜெயித்த ராடெட்ஸ்கி என்ற கிழத் தளபதிக்கு ஒரு மார்ச் எழுதினார். ஆகஸ்ட் 31-ந் தேதி அரங்கேறிய அந்த ராடெட்ஸ்கி மார்ச்தான் அவர் எழுதியதிலேயே இன்றைக்கும் எல்லாருக்கும் தெரிந்தது.

இருவரும் மனம் விட்டுப் பேசித் தீர்க்க நேரம் கிடைக்கவில்லை. எமிலி வீட்டுப் பிள்ளை ஒன்றுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. உடம்பெல்லாம் சிவந்து தடிக்கும் காய்ச்சல் அது. அது அப்பாவுக்கும் தொற்றியது. 1849 செப்டம்பர் 25-ந் தேதி பெரிய ஸ்ட்ராஸ் இறந்துபோனார். வயது 45தான்.

அப்பாவின் ஆர்கெஸ்ட்ரா அநாதையாக நின்றது. மகன் அதையும் தன் குழுவையும் ஒன்றாகச் சேர்த்தார். சில வியன்னாக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை, அப்பாவை எதிர்த்தவன் அப்பா நாற்காலியில் உட்காரலாமா என்று முணுமுணுத்தார்கள். அரண்மனையும் புரட்சியை மறக்கவில்லை. அப்பாவுக்கென்றே உண்டாக்கிய அரசவை நடன இசை இயக்குநர் பட்டம் மகனுக்கு 1863 வரைக்கும் கிடைக்கவில்லை. 14 வருஷம் காத்திருந்தார்.

அந்தக் காலத்து நடன விருந்து எப்படி நடக்கும் என்று கொஞ்சம் சொல்லாவிட்டால் இவர் செய்த வேலை புரியாது. ஜனவரி 6-ந் தேதி மூன்று ராஜாக்கள் திருநாளிலிருந்து சாம்பல் புதன் வரைக்கும் வியன்னாவில் நடன சீசன். நம்ம மார்கழிக் கச்சேரி சீசன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் யாரும் உட்கார்ந்து கேட்க மாட்டார்கள். டாக்டர்களுக்கு ஒரு விருந்து, வக்கீல்களுக்கு ஒன்று, மாணவர்களுக்கு ஒன்று, பத்திரிகைக்காரர்களுக்கு ஒன்று, சலவைத் தொழிலாளிப் பெண்களுக்குக்கூட ஒன்று! பெண்கள் கையில் சின்ன அட்டை கொடுப்பார்கள். அதில் அன்று வாசிக்கப் போகும் நடனங்கள் வரிசையாக இருக்கும். எந்த நடனத்துக்கு யார் ஜோடி என்று பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். வால்ட்ஸ் மட்டும் இல்லை. துள்ளித் துள்ளி ஆடும் போல்கா உண்டு, அது போஹீமியாவிலிருந்து வந்தது. நாலு ஜோடி சதுரமாக நின்று ஆடும் குவாட்ரில் உண்டு. மூச்சு வாங்க ஓடும் கேலப் உண்டு.

ஒவ்வொரு சங்கத்துக்கும் புதுப் பாட்டு வேண்டும், அதுவும் அவங்க தொழிலுக்குப் பொருத்தமான பேரோடு. 1860-ல் பொறியியல் மாணவர்கள் விருந்துக்கு ஸ்ட்ராஸ் எழுதிய வால்ட்ஸின் பேர் முடுக்கம். நம்ம பிசிக்ஸ் புத்தகத்தில் வருகிற அதே முடுக்கம்தான்! பாட்டு மெதுவாகத் தொடங்கும். இயந்திரம் சூடேறுகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக வேகம் எடுக்கும். மின்காந்தப் போல்கா என்றுகூட ஒன்று எழுதியிருக்கிறார். 1864-ல் பத்திரிகையாளர் சங்க விருந்துக்கு இரண்டு வால்ட்ஸ் வந்தன. பாரிஸ் இசையமைப்பாளர் ஓஃபன்பாக் எழுதியதற்கு மாலைப் பத்திரிகை என்று பேர். ஸ்ட்ராஸ் எழுதியதற்குக் காலைப் பத்திரிகை. அன்றைக்கு மாலைதான் அதிகம் கைதட்டு வாங்கியது. இன்றைக்கு எல்லாரும் வாசிப்பது காலையை.

ஒரே ராத்திரியில் பல இடங்களில் விருந்து இருக்கும். எல்லாருக்கும் ஸ்ட்ராஸ் நேரில் வேண்டும். அதனால் குழுவைப் பிரித்து அனுப்பிவிட்டு, அவர் குதிரை வண்டியில் மண்டபம் மண்டபமாக ஓடுவார். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு மூன்று பாட்டு. குச்சி வைத்து நடத்துகிற ஆள் இல்லை அவர். கையில் வயலினோடு கூட்டத்தைப் பார்த்து நிற்பார், கொஞ்சம் வாசிப்பார், வில்லை ஆட்டி நடத்துவார், மறுபடி வாசிப்பார்.

மனுஷ உடம்பு எத்தனை நாள் தாங்கும்? 1853-ல் படுத்துவிட்டார். ஆர்கெஸ்ட்ராவை யார் பார்ப்பது? குடும்பமே அதை நம்பித்தான் சாப்பிடுகிறது. அம்மா இரண்டாவது மகன் யோசப்பைக் கூப்பிட்டார்.

யோசப் இன்ஜினியர். தெருக் கூட்டும் இயந்திரம் ஒன்று வடிவமைத்தவர். கூச்ச சுபாவம், உடம்பும் சுகமில்லாதவர். அண்ணனுக்காகத்தான் மேடை ஏறினார். தான் எழுதிய முதல் வால்ட்ஸுக்கு முதலும் கடைசியும் என்று பேர் வைத்தார். இதோடு விட்டுவிடுங்கள் என்று அர்த்தம்! ஊர் விடவில்லை. அடுத்ததற்குக் கடைசிக்குப் பின் முதல் என்று பேர் வைக்க வேண்டியதாயிற்று. இந்த யோசப்பைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். இவருடைய மெல்லிய வால்ட்ஸ்களைக் கேட்டால் அண்ணனைவிடத் தம்பிதான் ஆழம் என்று எனக்குப் படுகிறது. பிறகு கடைசித் தம்பி எடுவர்டும் சேர்ந்துகொண்டார். அப்பா எந்த வேலைக்குப் பிள்ளைகள் போகக் கூடாது என்றாரோ அதே வேலைக்கு மூன்று பேரும் வந்துவிட்டார்கள்.

1856 முதல் 1865 வரை கோடைக்காலங்களில் ஸ்ட்ராஸ் ரஷ்யாவுக்குப் போனார். கூப்பிட்டது ஜார் மன்னர் இல்லை, ஒரு ரயில் கம்பெனி! பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து பாவ்லோவ்ஸ்க் வரை போட்ட ரயிலில் ஜனங்கள் ஏற வேண்டும். அதற்குக் கடைசி ஸ்டேஷனிலேயே கச்சேரி மண்டபம் கட்டி வாசிக்க வைத்தார்கள். இதிலே வேடிக்கை, ஸ்ட்ராஸுக்கு ரயில் என்றாலே பயம். திரையை இழுத்து விட்டுக்கொண்டுதான் பயணம் செய்வார்.

1862-ல் ஜெட்டி டிரெஃப்ஸ் என்ற பாடகியைக் கல்யாணம் செய்தார். வரவு செலவு, கடிதம், ஒப்பந்தம் எல்லாம் அந்த அம்மா பார்த்துக்கொண்டதால் இவருக்கு உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது.

இப்போது 1867-க்கு வருவோம். முந்தின வருஷம்தான் பிரஷ்யாவோடு நடந்த போரில் ஆஸ்திரியா ஏழே வாரத்தில் தோற்றிருந்தது. ஊரே வாடிக் கிடந்தது. வியன்னா ஆண்கள் பாடகர் சங்கத்துக்கு ஒரு வால்ட்ஸ் எழுதித் தரச் சம்மதித்திருந்தார் ஸ்ட்ராஸ். பிப்ரவரி 15-ந் தேதி டயானா குளியல் மண்டபத்தில் அரங்கேற்றம். பேரைக் கவனித்தீர்களா? அது நிஜமாகவே நீச்சல் குளம்தான். குளிர்காலத்தில் யாரும் குளிக்க வராததால் குளத்தின் மேல் பலகை போட்டு மண்டபமாக்கிவிடுவார்கள். ஆற்றைப் பற்றிய பாட்டு குளத்தின் மேல் பிறந்தது! அதுதான் அழகிய நீல டான்யூப்.

முதல் நாள் பெரிய பரபரப்பு ஒன்றும் இல்லை. பாட்டுக்கு எழுதிய வரிகள் கேலியாக இருந்தன, மெட்டோடு ஒட்டவில்லை. அதே வருஷம் பாரிஸில் உலகக் கண்காட்சி நடந்தது. அங்கே வாசித்தபோதுதான் தீப்பிடித்தது. அதற்குப் பிறகு அது ஆஸ்திரியாவின் இரண்டாவது தேசிய கீதம் மாதிரியே ஆகிவிட்டது.

1870 மோசமான வருஷம். பிப்ரவரியில் அம்மா இறந்தார். அந்தக் கோடையில் யோசப் வார்சா நகரில் கச்சேரி நடத்தும்போதே மேடையில் விழுந்தார். ஊருக்குக் கொண்டுவந்தும் ஜூலையில் இறந்துவிட்டார். வயது 42. சாவு என்ற பேச்சையே ஸ்ட்ராஸால் தாங்க முடியாது. அந்தப் பயம் அவருக்குக் கடைசி வரை போகவில்லை.

1872-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் சமாதான விழா. கிட்டத்தட்ட 1,000 பேர் வாத்தியம், 20,000 பேர் பாட்டு. நடுவில் இவர். கீழே நூறு துணை நடத்துநர்கள். பீரங்கி வெடித்ததும் ஆரம்பிக்க வேண்டும். எப்படியோ எல்லாரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடித்தார்கள், அதுவே பெரிசு என்று பின்னால் நினைவு கூர்ந்திருக்கிறார். அங்கே பெண்கள் அவருடைய முடியை ஞாபகத்துக்குக் கேட்டார்களாம். வேலைக்காரர் அவருடைய கறுப்பு நாயின் முடியை வெட்டிக் கொடுத்துச் சமாளித்தார் என்று ஒரு கதை உண்டு!

பிறகு மேடை நாடகப் பக்கம் போனார். 1873-ல் வியன்னா பங்குச் சந்தை கவிழ்ந்து பல பேர் சொத்தை இழந்தார்கள். அடுத்த ஏப்ரலில் வெளிவந்தது வௌவால் என்ற இசை நாடகம். எல்லாம் ஷாம்பெயின் குடித்ததால் வந்த வினை என்று சிரித்து முடியும் கதை. 1885-ல் ஜிப்ஸி பிரபு. ஜெட்டி 1878-ல் இறந்தார். அவசரமாகச் செய்த இரண்டாவது கல்யாணம் நிலைக்கவில்லை. மூன்றாவதாக அடேல் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்ய அவர் கத்தோலிக்க மதத்தையும் ஆஸ்திரியக் குடியுரிமையையும் விட வேண்டியிருந்தது, ஏனென்றால் அந்த ஊர்ச் சட்டத்தில் கத்தோலிக்கர்களுக்கு விவாகரத்து கிடையாது. ஜெர்மனியில் கோபுர்க் நாட்டுக் குடிமகனாகி 1887-ல் கல்யாணம் செய்தார். வியன்னாவின் அடையாளமாக உலகம் கொண்டாடும் மனிதர் சட்டப்படி வியன்னாக்காரரே இல்லை!

பெரிய இசை மேதை பிராம்ஸ் இவருக்கு நல்ல நண்பர். அடேலின் விசிறியில் கையெழுத்துப் போடச் சொன்னபோது பிராம்ஸ் நீல டான்யூபின் முதல் சுரங்களை எழுதி, இது தான் எழுதியது இல்லையே என்ற வருத்தத்தையும் கீழே எழுதிக் கொடுத்தார். கல்யாண வீட்டு இசை, கூத்தாட்ட இசை என்று ஒதுக்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

1899 மே மாதம் வௌவால் நாடகத்தின் முன்னிசையை நடத்திவிட்டு வந்தவருக்குச் சளி பிடித்தது, அது நிமோனியாவில் கொண்டுபோய் விட்டது. ஜூன் 3-ந் தேதி காலமானார். வயது 73. அன்று ஒரு பூங்காவில் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. சேதி வந்ததும் நடத்துநர் பாட்டை நிறுத்தி, நீல டான்யூபை மெதுவாக வாசிக்க வைத்தார். கூட்டத்துக்குச் சொல்லாமலே விஷயம் புரிந்தது என்று சொல்வார்கள். அவரைப் புதைத்த இடம் பிராம்ஸுக்குப் பக்கம்.

கதை இதோடு முடியவில்லை, நண்பர்களே. மிஞ்சியிருந்த தம்பி எடுவர்ட் 1901-ல் ஆர்கெஸ்ட்ராவைக் கலைத்தார். 1907 அக்டோபரில் ஒரு அடுப்புத் தொழிற்சாலைக்குப் போனார். ஸ்ட்ராஸ் ஆர்கெஸ்ட்ரா எண்பது வருஷமாகச் சேர்த்து வைத்த இசைத்தாள்களை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உலையில் போட்டு எரித்தார். சாயங்காலம் வரைக்கும் எரிந்ததாம். அப்பா, அண்ணன்கள், தான் எழுதியது எல்லாம். முன்னால் யோசப்போடு ஒரு ஒப்பந்தம், கடைசியில் மிஞ்சுகிறவர் எரித்துவிட வேண்டும் என்று. அதைத்தான் காரணமாகச் சொன்னார். என்னால் இதை ஏற்க முடியவில்லை. அச்சில் வந்த பாட்டுக்கள் தப்பித்தன. அச்சுக்கு வராதவை போனது போனதுதான். யோசப் எழுதியதில் என்னென்ன போச்சோ!

இன்னொரு அநியாயமும் நடந்தது. 1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவைப் பிடித்தார். ஸ்ட்ராஸ் இசை நாஜிகளுக்கு ரொம்பப் பிடிக்கும். தேடிப் பார்த்ததில் ஒரு சிக்கல் வந்தது. பெரிய ஸ்ட்ராஸின் தாத்தா யூதராகப் பிறந்து ஞானஸ்நானம் பெற்றவர். 1762-ல் அவர் கல்யாணம் நடந்த புனித ஸ்தேவான் ஆலயத்துப் பதிவேட்டில் அது தெளிவாக எழுதியிருந்தது. நாஜிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? பதிவேட்டை பெர்லினுக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஒரு பதிவை நீக்கிவிட்டுப் போலி நகல் தயாரித்து ஆலயத்தில் வைத்தார்கள். மற்ற யூதர்களை முகாமுக்கு அனுப்பிக்கொண்டே, இவருடைய பாட்டுக்கு மட்டும் ஆட வேண்டும் என்பதற்காக! அடேலும் யூதக் குடும்பம்தான். அவர் 1930-லேயே இறந்துவிட்டார், ஆனால் அவருடைய மகளிடமிருந்து ஸ்ட்ராஸ் வைத்துவிட்டுப் போன பொருள்களைப் பிடுங்கினார்கள். போர் முடிந்த பிறகு அசல் பதிவேடு வெளியே வந்தது.

இப்போது ஜனவரி 1-ந் தேதி தோறும் வியன்னா ஃபில்ஹார்மோனிக் புத்தாண்டுக் கச்சேரி நடத்துகிறார்கள். உலகம் முழுக்க டிவியில் வருகிறது. கடைசியில் மகனின் நீல டான்யூப், அது முடிந்ததும் அப்பாவின் ராடெட்ஸ்கி மார்ச். கூட்டம் முழுக்கக் கைதட்டித் தாளம் போடும். 2025-ல் மகன் பிறந்து 200 வருஷம். அந்த மே 31-ந் தேதி ஐரோப்பிய விண்வெளிக் கழகம் ஸ்பெயினில் உள்ள பெரிய ஆன்டெனா வழியாக நீல டான்யூபை வாயேஜர் 1 விண்கலம் இருக்கும் திசைக்கு அனுப்பியது.

கேட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் டிரிச் டிராச் போல்கா கேளுங்கள், மூன்று நிமிஷத்துக்குள் முடிந்துவிடும், வம்பு பேசுகிற மாதிரியே இருக்கும். அப்புறம் அண்ணன் தம்பி சேர்ந்து எழுதிய பிட்சிகாட்டோ போல்கா. அதில் வயலின்காரர்கள் வில்லையே தொடமாட்டார்கள், விரலால் நரம்பைச் சுண்டுவார்கள். நீல டான்யூப் கேட்கும்போது மட்டும் அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். ஆரம்பத்தில் ஒரு நிமிஷத்துக்கு மேல் வால்ட்ஸே வராது. வயலின்கள் நடுங்கிக்கொண்டே இருக்கும், தூரத்தில் ஒரு கொம்பு ஊதும். காத்திருங்கள், வரும்.